ஒரு குழிதானே, எடுத்துக்கோங்க

கோல்ஃப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம், தொலைக்காட்சியில் அதைப் போட்டால் நான் தூங்கிவிடுவேன் என்பது. டாக்டர் எழுதிக் கொடுத்தும் வராத தூக்கம் அதில் வரும். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு தனியார் கோல்ஃப் மைதானத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். மைதானத்தை மாற்றி அமைக்கப் போகிறார்களாம். திறப்பு விழா அன்று வாசலில் அந்த வரலாறு பெரிய பலகையாக நிற்க வேண்டுமாம்.

என் எழுத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்கள் என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்க மிதப்பாகத் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது. மைதானத்துக்குப் பக்கத்தில் என் அக்காவின் நிலம் இருக்கிறது. "பக்கத்துக் காணி நர்சம்மாவோட தம்பி ஏதோ புஸ்தகம்லாம் எழுதுவாராம்" என்று மைதானத்து மேஸ்திரி, முதலாளியம்மாவின் காதில் போட்டிருக்கிறார். என் இலக்கிய வாழ்க்கையில் கிடைத்த பெரிய அங்கீகாரம் அது. அதுவும் சிபாரிசில் வந்தது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் கிளியனூர்ப் பக்கம் உள்ளே திரும்பினால் மைதானம் வரும். சாலையிலிருந்து பார்த்தால் பனைமரங்களும் கொடிகளும்தான் தெரியும். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய், எட்டாவது ஹோல் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பழைய உறுப்பினர்களிடம் கதை கேட்டேன். ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். போண்டா நன்றாக இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

கிடைத்த வரலாறு இதுதான். முதலாளியம்மாவின் அப்பா சாலை போடுகிற காண்டிராக்டர். ரோடு ரோலர் பார்த்து வரலாம் என்று வெளிநாடு போனவர், ரோலரை மறந்துவிட்டு கோல்ஃபைப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் அவருக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. சவுக்கை வெட்டினார். மறுபடி சவுக்குக் கன்று வைப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அங்கங்கே கம்பு நட்டுக் கொடி கட்டினார். கட்சி ஆரம்பிக்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு எழுந்து, இரண்டு பேர் பதவி கேட்டுக்கூட வந்தார்களாம்.

புல் வளர்த்தார். பாதியை ஆடு மேய்ந்தது, மீதியை சித்திரை வெயில் மேய்ந்தது. கொடிக்கு அடியில் பந்து உருள வேண்டிய இடத்தில் மணல்தான் மிஞ்சியது. காற்றில் மணல் பறந்தது. காண்டிராக்டர் மூளை வேலை செய்தது. லாரிகளிலிருந்து வடித்த பழைய ஆயிலை மணலில் கலந்து, ரோலர் விட்டு அழுத்தினார். திடல் வழவழவென்று கறுப்பாகத் தயாரானது. அதில் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகிற டாக்டர்களையும் வக்கீல்களையும், "மெக்கானிக் ஷெட்டுல இன்னா வேல உங்களுக்கு?" என்று வீட்டுக்காரம்மாக்கள் விசாரித்தார்கள். கோல்ஃப் என்று சொன்னால் நம்பவில்லை.

பனைமரங்களை அவர் வெட்டவில்லை. பந்து பனையில் பட்டுத் திரும்பி வந்தால் அடித்தவர் விதி. ஆட்டின் மேல் பந்து பட்டால் மறுபடி அடிக்கலாம். ஆடு பந்தைக் கவ்விக்கொண்டு போனால், அது எங்கே துப்புகிறதோ அங்கிருந்து அடிக்க வேண்டும். இந்த விதி எந்த நாட்டு கோல்ஃப் புத்தகத்திலும் இல்லை. இங்கே சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது. கார்த்திகை மழையில் மூன்றாவது ஹோலில் விரால் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த விராலைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, குழம்பில் லேசாக டீசல் வாசம் வந்ததாகவும் சொன்னார்.

எல்லாம் சரி, ஒரு குறை. கோல்ஃப் மைதானம் என்றால் ஒன்பது ஹோலாவது இருக்க வேண்டும். இங்கே எட்டுதான். எட்டாவதைத் தாண்டியதும் ஏரி வாய்க்கால் குறுக்கே வந்துவிடும். அந்தப் பக்கம் வேறொருவருடைய ஒரு காணி. காண்டிராக்டர் அதைக் கேட்டுப் பார்த்தார்; நிலத்துக்காரர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்றார். அதனால் எட்டு முடிந்ததும் எல்லோரும் நடந்து வந்து முதலாவதையே இன்னொரு தரம் ஆடி, அதை ஒன்பதாவது என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர் "ஒன்பதாவது எங்கே?" என்று கேட்டால் முதலாவதைக் காட்டுவார்கள். அந்தப் பழைய வாழைப்பழ நகைச்சுவைக் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் வரும். யாரும் வெளியே சொல்வதில்லை.

காண்டிராக்டர் போய்ச் சேர்ந்தார். சென்னைக்காரரும் ஒருநாள் மனம் மாறி நிலத்தை விற்றார். மைதானத்துக்குச் செய்தி எட்டுவதற்குள் வாங்கியது என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முண்டியம்பாக்கத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினவர்கள். அதில் ஒரு செடிகூட அவர்களுடையது இல்லை. எங்கள் வம்சத்திலேயே நிலம் என்று எழுதிய பத்திரத்தில் பெயர் வந்தது அக்காவுக்குத்தான். பதிவு முடிந்த அன்று சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் ஆட்டோவை நேராக நிலத்துக்கு விடச் சொன்னாள். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, நடுவில் போய் நின்றாள். வெயில் கொளுத்துகிறது. அவள் பாட்டுக்கு நிற்கிறாள்.

"இன்னாக்கா பண்றே?"

"நிக்கறேன். என் நிலத்துல நிக்கறேன். ஒனக்கு இன்னா?"

எனக்கு ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரர்தான் வெயிட்டிங் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் வரலாற்றுப் பலகைக்குத் திரும்ப வேண்டும். மைதானத்தில் வேலை செய்கிற எல்லோரும் ஹோல் என்பதை ஹோலு என்பார்கள். "ரெண்டாவது ஹோல்ல தண்ணி உட்டியா", "அஞ்சாவது ஹோலாண்ட பாம்பு." நன்றாக ஓடிக்கொண்டிருந்த சொல். அதை நான் சும்மா விட்டிருக்கலாம். ஆனால் ஆங்கிலம் நடத்திப் பிழைக்கிறவனுக்குத் தமிழ் எழுத உட்கார்ந்தால் ஒரு வேகம் வரும். தமிழாசிரியர்களே கண்டுகொள்ளாத ஆங்கிலச் சொல்லைக்கூட நாங்கள் துரத்திப் பிடிப்போம். ஹோல் என்பதை அடித்துவிட்டுக் குழி என்று எழுதினேன். முதற்குழி, இரண்டாங்குழி, மூன்றாங்குழி.

மேஸ்திரி படித்துப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"சார், ஆறாங்குழின்னு போர்டு வெச்சா, 'யார இட்டாந்து பொதைக்கப் போறாங்க'ன்னு ஜனங்க கேக்கும் சார்."

"நல்ல தமிழ்ங்க அது."

"தமிழ் நல்லாத்தான் இருக்குது சார். ஆளு வராது."

முதலாளியம்மாவுக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது. வெளியூர்களில் படித்து வந்தவர்; நாற்பதைத் தாண்டிய, கலகலப்பான பெண்மணி. "எவ்ளோ அழகா இருக்கு சார்! நானும் இனிமே குழின்னுதான் சொல்லப் போறேன்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். விதை போட்டது அப்போதுதான்.

தை மாதம், பொங்கல் முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மைதானத்தை மாற்றி அமைக்கப் பெங்களூரிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்திருந்தார். தாடி வைத்த, மரியாதையான ஆள். தமிழ் வராது. ஆயில் திடல்களை எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரைத் தாங்குகிற புல், மழைநீர் நிற்க ஒரு குளம், எட்டு ஹோல்களுக்கும் புது வளைவு என்று திட்டம் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்பதாவது. அதைப் பற்றிப் பேசத்தான் முதலாளியம்மா, அவர், நான் மூவரும் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு அக்காவின் மோட்டார் கொட்டகைக்குப் போனோம். பக்கத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அக்கா டீ போட்டாள். போன பட்டத்து மல்லாட்டையை அவித்து ஒரு தட்டில் வைத்தாள். வடிவமைப்பாளர் தோலோடு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு திணறினார். "தோல உரிச்சிட்டுத் துன்னு தம்பி" என்று அக்கா உரித்துக் கையில் கொடுத்தாள்.

முதலாளியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, சுத்தி வளைக்காம கேட்டுடறேன். எங்களுக்கு உங்க நிலத்துல ஒரே ஒரு குழி வேணும். அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. சாயங்காலத்துல எட்டாவதாண்ட நின்னு இந்தப் பக்கமே பாத்துக்கினு இருப்பாரு."

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒரு குழிதானே? எடுத்துக்கோங்க."

வடிவமைப்பாளர் என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்றேன். அவர் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். புதுக் குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிவிட வேண்டும், மைதானத்து வழியாகத் தார் ரோட்டுக்குப் போக வர ஒரு தடம் வேண்டும் என்றாள் அக்கா. இவ்வளவுதானா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்திர வேலையை நிலத்தை அளந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அவர்கள் போனதும் அக்கா மல்லாட்டைத் தோலை அள்ளிக்கொண்டே சொன்னாள். "பாவம்டா. அந்தாளு ஒரு குழிக்குப் போய் அத்தினி வருசம் ஏங்கிக்கினு இருந்திருக்காரு. பணம் இருந்து இன்னா."

அன்று வேப்பமரத்தடியில் மூன்று குழிகள் இருந்தன. அக்காவின் குழி, எங்கள் பக்கத்து நில அளவு. நூறு குழி ஒரு காணி. ஒரு குழி என்றால் ஒரு மாட்டுக்கொட்டகை போடலாம், மாடு கொஞ்சம் நெருக்கியடித்துப் படுக்கும். முதலாளியம்மாவின் குழி, நான் எழுதிக் கொடுத்த குழி, அதாவது ஒரு முழு ஹோல். பந்தை வைத்து அடிக்கிற மேடு, அது பறந்து உருளுகிற புல்வெளி, கடைசியில் கொடி நிற்கிற திடல் எல்லாம் சேர்ந்தது. மூன்றாவது என்னுடைய குழி. கொடிக்கு அடியில் ஒரு ஓட்டை இருக்குமே, ஒரு சொம்பு வைக்கிற அளவு, நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரலாறு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான். மண்ணில் ஒரு சொம்பு புதைக்க இவ்வளவு கும்பிடு எதற்கு என்றுகூட எனக்குள் ஓடியது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவித்த மல்லாட்டை தட்டில் இருக்கும்போது மனிதருக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

மாசி பிறந்து சில நாட்களில் போன் வந்தது. நான் வகுப்பில் இருந்தேன். அக்கா போன் பேசினால் வராண்டாவில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். வார்டு முழுக்கக் குரல் கொடுத்துப் பழகியவள்.

"டேய், எங்க கீறே?"

"கிளாஸ்ல."

"கிளாஸ மூடிட்டு வாடா ஜல்தியா. என் நிலத்தச் சுத்திக் கொடி நட்டுக்கினு இருக்கறானுங்க. வாய்க்காலாண்ட ஜேசிபி வந்து நிக்குது. மல்லாட்ட பூ விட்டுக்கினு இருக்குதுடா!"

மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்கள். "போய்ட்டு வாங்க சார்" என்றாள் முன்வரிசைப் பெண். வகுப்பே தலையாட்டியது. அவ்வளவு ஒற்றுமையான வழியனுப்பு எனக்கு அந்தக் கல்லூரியில் கிடைத்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா நிலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் நான்கு பக்கமும் வரப்போரம் சின்னச் சின்ன மஞ்சள் கொடி. ஒரு காணியும் உள்ளே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜேசிபி ஓட்டுகிறவர் இறங்கி பீடி பற்றவைத்திருந்தார். முதலாளியம்மாவும் வடிவமைப்பாளரும் வரப்பில். மேஸ்திரி கொஞ்சம் தள்ளி, எந்தப் பக்கமும் சேராமல்.

"அக்கா, நீங்கதானே எடுத்துக்கோங்கன்னு சொன்னீங்க?" முதலாளியம்மாவின் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "நான் மெம்பர்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். எட்டாவதையே இந்தப் பக்கம் திருப்பி வெட்டிட்டோம்."

"ஒரு குழின்னீங்க. இது நூறு குழிம்மா! மொத்தக் காணிய வளைச்சிக்கினு ஒரு குழின்னா இன்னா கணக்கு அது?"

"ஒரு குழின்னா இவ்ளோ பெருசுதான் அக்கா இருக்கும். இது சின்னக் குழி. பெரிய குழிலாம் இதுல மூணு மடங்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். "டேய், இன்னாடா பேசுது இந்தம்மா?"

எனக்கு அப்போது விளங்கிவிட்டது. விளங்கியதை நான்கு பேர் எதிரில் விளக்கவும் வேண்டியிருந்தது. தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். முடித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜேசிபிக்காரர்கூட.

"குழின்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே சார்?" என்றார் முதலாளியம்மா.

"நான் அப்பவே சொன்னேன்" என்று மேஸ்திரி வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இவனா?" என்றாள் அக்கா. "சின்ன வயசுல சோத்தக்கூட அன்னம்னு கேட்டு அடி வாங்கினவன். இவன நம்பி ஜேசிபி எடுத்தாந்தீங்களா?" பிறகு வடிவமைப்பாளர் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, ஹோலுன்னா ஓட்டைதானே? ஓட்டைக்கு எதுக்கு ஒரு காணி?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

சிரிப்பு வந்தது; ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. முதலாளியம்மா விடுவதாக இல்லை. ரோட்டோரமாக இதைவிட நல்ல நிலம், இதைவிடப் பெரியதாக, வாங்கித் தருவதாகச் சொன்னார். கிணறும் வெட்டித் தருவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கே ஒரு நிமிடம், ஒத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அக்கா தலையை ஆட்டினாள்.

"நிலம் வேற கெடைக்கும்மா. எங்கப்பன் ஆத்தா கூலிக்கு மல்லாட்ட புடுங்கினது இந்த ஊருல. நான் மொத மொத வந்து நின்னது இந்த எடத்துல. ரோட்டோரமா போய் நின்னா அது நின்ன மாதிரி இருக்காது."

அக்காவே தொடர்ந்தாள்.

"ஆனா ஒரு குழி தர்றேன்னு சொன்னது சொன்னதுதான். வாய் தவறி சொல்லல. அது குடுப்பேன்."

மோட்டார் கொட்டகைக்குப் போய் ஒரு மூங்கில் கழியை எடுத்து வந்தாள். எட்டடிக் கழி. செடி மிதிபடாமல் வரப்பிலேயே சுற்றிக்கொண்டு நிலத்தின் கோடி மூலைக்குப் போனாள். நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம், குருத்தோலை ஞாயிறு பவனி மாதிரி. அந்த மூலையில் இரண்டு பனை. அதன் நிழலில் எதுவும் முளைக்காது. மண்ணும் வெறும் செம்பாறை. அங்கே கழியைப் போட்டு நீளவாட்டில் மூன்று கழி, அகலவாட்டில் மூன்று கழி அளந்து, நான்கு மூலையிலும் கல்லை வைத்தாள்.

"இந்தாங்க. ஒரு குழி. பொங்கலுக்கு ஒத்துக்கினேன், மாசியில குடுத்துட்டேன்."

தன் நிலத்திலேயே ஒன்றுக்கும் ஆகாத மூலையைத்தான் தானம் செய்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் முகத்தில் பெரிய வள்ளல் களை இருந்தது.

முதலாளியம்மா அந்தச் சதுரத்துக்குள் போய் நின்று பார்த்தார். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. "இதுல இன்னா அக்கா பண்றது? காரை நிறுத்தறதா?"

வடிவமைப்பாளர் குனிந்து செம்பாறையைத் தட்டிப் பார்த்தார். கல்லைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், நடுவில் பச்சையாகப் படுத்திருந்த மல்லாட்டையைப் பார்த்தார். பிறகு வரப்போடு நடந்து, வாய்க்கால் பாலம் வழியாகச் சுற்றி, அந்தக் கரைக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு பெங்களூருக்கே போகிறாரோ என்று நினைத்தேன். காரிலிருந்து மட்டையும் பந்தும் எடுத்து வரச் சொல்லி, கரை மேட்டில் நின்று எங்களை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

முதல் பந்து மல்லாட்டையில் விழுந்தது. "ஏய்!" என்றாள் அக்கா. இரண்டாவது பந்து அவள் தலைக்கு மேலே உயரமாகப் போய், பனைமரத்தில் மோதி, நேராகக் கீழே இறங்கிச் சதுரத்துக்குள் உருண்டு, ஓரமாக ஒதுங்கியிருந்த முதலாளியம்மாவின் காலடியில் நின்றது.

அந்தக் கரையில் அவர் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார். மேடு அவர்கள் நிலத்தில். திடல் அந்த ஒரு குழியில். நடுவில் உருளப் புல்வெளி தேவையில்லை. பந்து பறந்தே வரட்டும். அவர் ஓடி வந்து சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இந்த முறை குழி என்ற சொல்லை நான் வாயிலேயே எடுக்கவில்லை.

முதலாளியம்மா பந்தைக் கையில் எடுத்துத் துடைத்தார். "அக்கா, உங்க நிலத்துக்கு மேல பந்து போனா பரவாயில்லையா?"

அக்கா அண்ணாந்து பார்த்தாள், மேலே எல்லை போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"மேல போனா எனக்கு இன்னா? காக்கா போவல? கீழ வுழுந்தா என்னுது. எடுக்க ஒருத்தனும் உள்ள எறங்கக் கூடாது. பூவு மண்ணுக்குள்ள எறங்கற நேரம், மிதிச்சா போச்சு. அப்புறம், நான் உள்ள இருக்கறப்ப ஒரு பந்து வரக் கூடாது. என் மண்டைல பட்டா தையல் போட நானேதான் போவணும்."

அது எப்படித் தெரியும் என்று பேச்சு வந்தது. மோட்டார் கொட்டகைக் கம்பத்தில் சிவப்புத் துணி பறந்தால் அக்கா உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம், ஒன்பதாவது மூடல். அன்றைக்கு எல்லோரும் பழையபடி முதலாவதையே இரண்டு தரம் ஆட வேண்டியது. தண்ணீரும் தடமும் பேசியபடியே. முதலாளியம்மா கையை நீட்டினார். அக்கா குலுக்கினாள். இம்முறை அவள்தான் விடாமல் குலுக்கினாள்.

ஜேசிபி திரும்பிப் போயிற்று. மஞ்சள் கொடிகளை மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "சார்," என்றார் என் பக்கத்தில் வந்து, "அந்தப் பலகைல ஹோலுன்னே போட்ரலாமா?"

"போட்ரலாம்ங்க."

திறப்பு விழா ஈஸ்டர் கழிந்து நடந்தது. மல்லாட்டை இன்னும் பிடுங்கவில்லை, செடி முதிர்ந்து நின்றது. என் வரலாறு வாசலில் நிற்கிறது. முழுக்க ஹோல், ஹோல் என்றுதான் எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் மட்டும் பிடிவாதம் விடவில்லை: "இம்மைதானத்தில் எட்டு ஹோல்களும் ஒரு குழியும் உள்ளன." வெளியூர்க்காரர்கள் அதை அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்பதாவதை முதலில் ஆடினவர் திண்டிவனத்து டாக்டர் ஒருவர், அந்த ஆயில் காலத்திலிருந்து ஆடுகிறவர். பந்து நேராக மல்லாட்டைக்குள் போயிற்று. பழக்க தோஷத்தில் அவர் வரப்பிலிருந்து உள்ளே இறங்கப் போனார். "டாக்டர்!" என்று கொட்டகைப் பக்கமிருந்து அக்காவின் குரல். வார்டு ரவுண்ட்ஸில் கேட்டுப் பழகின குரல் போலிருக்கிறது. அவர் வைத்த காலை அப்படியே எடுத்துக்கொண்டார்.

பிடுங்குகிற நாளில் நானும் போயிருந்தேன். உதவி செய்ய என்று சொல்லிக்கொண்டேன். இடுப்பு ஒத்துழைக்காததால் வரப்பில் உட்கார்ந்து ஊக்கம் கொடுத்தேன். செடியைப் பிடுங்கி மண்ணை உதற உதற, காயோடு காயாக வெள்ளை வெள்ளையாகப் பந்துகள் வந்தன. அக்கா தனியே ஒரு கூடை வைத்திருந்தாள். "இந்தப் பட்டத்துல காயவுட இது நல்லா புடிச்சிருக்குதுடா" என்றாள். கம்பத்தில் சிவப்புத் துணி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டாக்டரும் இன்னும் சிலரும் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நர்சம்மா! எப்பம்மா வெளிய வருவீங்க?" என்று டாக்டர் கத்தினார்.

அக்கா நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேலை முடிந்துவிட்டதுதான். கூடை நிரம்பிவிட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"நின்னுக்கினு இருக்கறேன், டாக்டர்!" என்று பதிலுக்குக் கத்தினாள். "நீங்க போய் மொத ஹோலயே இன்னொரு தபா ஆடுங்க!"